கார்க் கண்ணாடியில் படியும் ஈரம்

க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம், புவியியல் மாணவர்களுக்கு



ஒடுங்கலுக்கு உதாரணம் தருக என்றால், குளிர்ந்த சோடாப் போத்தலின் வெளிப்புறத்தில் படியும் நீர்த்துளிகளை எழுதிவிடுவீர்கள். அது சரியான விடைதான். ஆனால் உதாரணத்தைச் சற்று மாற்றி, "மழை நாளில் காரின் கண்ணாடி மங்குவது ஏன்? அதனை நீக்குவது எவ்வாறு?" என்று கேட்டால், "கண்ணாடி வியர்ப்பதால்" என்ற விடை வருகிறது. கண்ணாடி வியர்ப்பதில்லை. அந்த நீர் வளியிலிருந்து வருகிறது.

கார்த்திகை மாதத்து மழைக் காலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். உடுவிலிலிருந்து காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாணம் நகருக்கு ஐந்து பேருடன் ஒரு கார் போகிறது. சாரல் அடிப்பதால் கண்ணாடிகள் எல்லாம் பூட்டு. சற்று நேரத்தில் முன் கண்ணாடி வெள்ளையாகிறது. சாரதி வைப்பரின் வேகத்தைக் கூட்டுகிறார். மழைநீர் வழிக்கப்படுகிறது, வெண்மை போகவில்லை. ஏனெனில் அது உட்புறத்தில் இருக்கிறது. எதிரே விளக்கில்லாத சைக்கிள் ஒன்று வந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதனைக் கணக்காகப் பார்ப்போம். 30 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் வளி ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத்தான் வைத்திருக்கும். 26 பாகையில் அது 24 கிராம். 20 பாகையில் 17 கிராம். வளி குளிரக் குளிர, அது கொள்ளக்கூடிய நீராவி குறைகிறது என்பதே இங்கு முக்கியம். காரினுள் 3 கனமீற்றர் வளி உண்டு, அதன் வெப்பநிலை 30 பாகை, சாரீரப்பதன் 80 சதவீதம் எனக் கொள்க. அவ்வளி 90 கிராம் கொள்ளும்; 72 கிராம் ஏற்கெனவே உண்டு. மீதி 18 கிராம் மட்டுமே. சும்மா இருக்கும் ஒருவர்கூட மூச்சினாலும் தோலினாலும் மணிக்கு ஏறத்தாழ 35 கிராம் நீரை ஆவியாக வெளிவிடுகிறார். ஐவருக்கு 175 கிராம். வெளிவளி சிறிதும் வராவிட்டால் ஆறு நிமிடங்களில் அந்த 18 கிராமும் நிரம்பிவிடும்.

கண்ணாடி அதுவரையும் காத்திருக்காது. மேற்கூறிய வளியின் பனிபடுநிலை ஏறத்தாழ 26 பாகை. மழை பட்டு முன் கண்ணாடி 25 பாகைக்கு இறங்கினால், ஆட்கள் ஏறும்போதே ஈரம் படியத் தொடங்கும். நனைந்த குடையும் பாடசாலைப் பையும் சேர்ந்தால் இன்னும் விரைவு.

இப்போது எதிர்மாறான நிலை. மழை விட்டுவிட்டது; வெளியே வளி ஈரமாக இருக்கிறது. காரினுள் ஏசி முழு வேகத்தில் ஓடுகிறது. அதன் குளிர்வளி முன் கண்ணாடியில் நேரே படுகிறது. கண்ணாடி குளிர்ந்து, வெளிவளியின் பனிபடுநிலைக்குக் கீழே இறங்குகிறது. ஈரம் வெளிப்புறத்தில் படிகிறது. உள்ளேயிருந்து துணியால் எவ்வளவு துடைத்தும் பயனில்லை. வைப்பரை ஒருதரம் போட்டாலே போய்விடும். குளிர்நாட்டு நூல்கள் உட்புற ஈரத்தைப் பற்றியே அதிகம் பேசும். நமது நாட்டில் இரண்டும் நிகழும் என்பதால், "கார்க் கண்ணாடியில் ஈரம் எப்போதும் உட்புறத்திலேயே படியும்" என மனனம் செய்து எழுத வேண்டாம்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, உட்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பது. கோடு விழுந்தால் ஈரம் உள்ளே, விழாவிட்டால் வெளியே.

வெளியே எனின், வைப்பரைப் போட்டு, ஏசியின் குளிரைக் குறைத்து, வளி கண்ணாடியில் படாமல் திருப்பிவிட வேண்டும். உள்ளே எனின், ஏசியைப் போட வேண்டும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்: குளிர்ந்தால்தானே ஒடுங்கும், பிறகு எதற்கு ஏசி? ஏசியினுள் இருக்கும் குளிர்ந்த சுருள் காரினுள் உள்ள நீராவியை முதலில் தன்மீது ஒடுங்கச் செய்துவிடுகிறது. அந்த நீர்தான் நிறுத்திய காரின் அடியில் சொட்டுவது. கண்ணாடிக்கு வருவது உலர்ந்த வளி. யப்பான் கார்கள் பலவற்றில் ஹீற்றரும் உண்டு; ஏசியுடன் அதையும் சேர்த்துப் போட்டால் உலர்ந்த சூடான வளி கிடைக்கும், கண்ணாடி இன்னும் விரைவில் தெளியும். உள்வளியையே சுற்றவிடும் பொத்தானை நிறுத்தி வெளிவளியை எடுக்க வேண்டும். ஏசி இல்லையெனின் பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் அகலத்துக்கு இறக்கினாலும் போதும்.

1990களில் பெற்றோல் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய நமது பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களை நினைத்துப் பாருங்கள். முன் கதவிலுள்ள முக்கோணக் கண்ணாடியைச் சற்றுத் திருப்பினால் காற்று வரும். போதாக்குறைக்கு, காய்ந்துபோன கதவு றப்பர்களாலும் காற்று வரும்! இறுக மூடும் புதிய கார்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

எவரும் ஏறாத காரின் உட்கண்ணாடி ஒவ்வொரு காலையும் நனைந்திருந்தால் காரணம் மூச்சு அல்ல. காரினுள்ளேயே நீர் தேங்கியிருக்கிறது. தரைவிரிப்பின் கீழ் பத்திரிகைத் தாளை வைத்து அழுத்துக. நனைந்தால் கதவு றப்பர், முன் கண்ணாடி றப்பர், ஏசி நீர் வெளியேறும் சிறு குழாயின் அடைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் பிசுபிசுப்பும் காரினுள் இனிப்பு மணமும் இருந்தால் ஹீற்றரிலிருந்து கூலன்ற் கசிகிறது. கராச்சுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ரேடியேற்றர் மூடியை எஞ்சின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது.

பயிற்சி வினா

மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவர் ஏசி ஓடிய காரிலிருந்து ஈரமான வெளிவளிக்கு இறங்கியதும் அவரது மூக்குக்கண்ணாடி மங்கியது.

(அ) வில்லையின் எப்பக்கத்தில் ஈரம் படியும்?

(ஆ) அதே நேரத்தில் அக்காரின் பூட்டிய கண்ணாடிகளில் ஒரு பக்கத்தில் மட்டும் ஈரம் படிவது ஏன்?

(இ) மூக்குக்கண்ணாடியைத் துடைக்காவிட்டாலும் சில நிமிடங்களில் தெளிவது ஏன்?