நகைக்கும் கண்

திரைப்பாட்டில் காமம் பேசும் வகையை ஆராயப் பெங்களூர்த் தமிழ் மாணவர்க்கு நல்ல சான்றொன்று அருகிலேயே உளது. மணிரத்னம் இயக்கிய முதற்படமான ‘பல்லவி அனுபல்லவி’ (1983) கன்னடப் படம். அதில் ஆர். என். ஜெயகோபால் எழுதி இளையராஜா இசையமைத்த ‘நகுவ நயன’ என்னும் பாட்டை எஸ். பி. பாலசுப்பிரமணியமும் எஸ். ஜானகியும் பாடினர். நகுவ நயனமாவது நகைக்கும் கண். ‘நகு’ இரு மொழிக்கும் பொதுவேர்.

முந்திய ஆண்டில் வந்த ‘சகலகலா வல்லவன்’ படத்தின் ‘நிலா காயுது’ பாட்டில் இதே ஜானகியின் பெருமூச்சு வேட்கையை வெளிப்பட உரைத்தது. அதைக் கொச்சையென்று தள்ளுவார் உளர். அக்குரலின் பயிற்சியை அவர் கருதினாரல்லர்.

வள்ளுவர் காமத்துப்பாலில் புணர்ச்சி மகிழ்தலுக்கு முன் குறிப்பறிதலை வைத்தார். அங்கே பேசுவன கண்ணும் நகையுமே. கன்னடப் பாட்டு அவ்வதிகாரத்தோடு நின்றுவிடுகிறது. தமிழ்ப் பாட்டு அடுத்ததற்குச் சென்றுவிடுகிறது.