பேட்டரி ரம்பமும் பத்து விரலும்



குடும்ப நலம் என்றால் பிள்ளைப்பேறும் தடுப்பூசியும் மட்டும் அல்ல. சம்பாதிக்கும் கை நல்லபடியாக இருப்பதும் குடும்ப நலம்தான். ஆசாரி வீட்டில் மட்டும் அல்லாமல் இப்போது விவசாயி வீட்டிலும் பேட்டரியில் ஓடும் வட்ட ரம்பம் வந்துவிட்டது. ஆட்டுக் கொட்டகைக்கு ரீப்பர் அறுக்க, கதவுக்குப் பலகை அறுக்க அது மிகவும் வசதி. ஆனால் கைரம்பத்துக்குப் பழகிய பழக்கத்தை அப்படியே இதற்கும் கொண்டுவந்தால் ஆபத்து.

கைரம்பம் நம் கை போகும் வேகத்தில்தான் போகும். பேட்டரி ரம்பத்தின் பிளேடு நிமிடத்துக்கு 5,000 சுற்று வரை சுழலும். ஆறரை அங்குல பிளேடு அந்த வேகத்தில் சுற்றும்போது அதன் பல், மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. "கையை எடுத்துக்கலாம்" என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"வயர்தான் இல்லையே சார், ஷாக் அடிக்காதே" என்று சிலர் சொல்வார்கள். ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் வயர் உள்ள மெஷினில் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அது செத்தது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பேட்டரி மெஷின் மூலையில் சும்மா கிடந்தாலும் உயிரோடுதான் கிடக்கிறது. ஆகவே பிளேடு மாற்றும்போதும், ஆழம் சரிசெய்யும்போதும், சிக்கிய சிம்பை எடுக்கும்போதும், வேலை முடிந்ததும் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேட்டரியையும் மெஷினையும் தனித்தனியே, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தாய்மார்களே, "ஏங்க, பேட்டரியைக் கழட்டிட்டீங்களா?" என்று தினம் ஒரு தடவை கேட்பதில் தவறே இல்லை. அவர் முறைத்தாலும் கேளுங்கள்.

பலகை நடுவில் தொய்ந்தால் அறுத்த வாய் மூடிக்கொள்ளும். கைரம்பமாக இருந்தால் அங்கேயே சிக்கி நிற்கும், ஆப்பு செருகி எடுப்போம். மெஷின் அப்படி நிற்காது. பிளேடு கடிபட்டவுடன் மெஷினே பின்னால் எகிறி, பிடித்திருப்பவர் மேல் வரும். தொடையிலும் வயிற்றிலும் பெரிய காயம் படுவது இப்படித்தான். இரண்டு ஸ்டூல்களின் மேல் பலகையின் இரு முனைகளையும் வைத்து நடுவில் அறுப்பதுதான் இதற்கு முக்கியக் காரணம். பலகைக்கு அடியில் நான்கு ரீப்பர் போடுங்கள், அறுக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. சின்னத் துண்டு மட்டும் வெட்டி எடுப்பதானால் அந்த முனை வெளியே நீட்டிக்கொண்டு தானாகக் கீழே விழ வேண்டும். மெஷினுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கம் தள்ளி நில்லுங்கள். பிளேடு முழு வேகம் எடுத்த பிறகுதான் மரத்தில் தொட வேண்டும். பாதியில் நிறுத்தினால் பிளேடு முற்றிலும் நின்ற பிறகே மெஷினை வெளியே எடுக்க வேண்டும்.

பலகைக்குக் கீழே பிளேடின் ஒரு பல் உயரம் தெரிந்தால் போதும். முழு பிளேடையும் இறக்கி வைத்துக்கொண்டு அறுப்பது வீண் வம்பு.

தரையில் உட்கார்ந்து பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு அறுக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய. இந்த மெஷினில் அதைச் செய்யவே கூடாது. மனைவியை "அந்தப் பக்கம் பிடி" என்று கையால் பிடிக்கச் சொல்வதும் கூடாது. "ஒரு துண்டு ரீப்பர்தானே, அதுக்கு எதுக்கு கிளாம்பு?" என்பார்கள். துண்டு சிறியதாக ஆக விரல் பிளேடுக்குக் கிட்டே போகிறது. கிளாம்ப் போட்டுப் பலகையை இறுக்கினால் இரண்டு கையும் மெஷினில் இருக்கும். இரண்டு கையும் மெஷினில் இருந்தால் பிளேடுக்கு அடியில் கை போக வழியில்லை.

பிளேடின் கீழ்ப்பாதியை மூடும் தகடு ஒன்று உண்டு. மரத்தில் நுழையும்போது அது விலகும், வெளியே வந்ததும் ஸ்பிரிங்கால் படக்கென்று மூடும். சிலர் இடைஞ்சல் என்று அதைக் கம்பியால் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டிய மெஷினை வீட்டில் வைத்திருக்கவே கூடாது என்பது என் கருத்து. வேலைக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த மூடியைத் தூக்கி விட்டுப் பாருங்கள். தானாக மூடாவிட்டால் மரத்தூளும் பிசினும் அடைத்திருக்கும், துடைத்துச் சரிசெய்யுங்கள்.

இதைவிட மோசம், இரும்பு அறுக்கும் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடைப் போடுவது. நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். மூடும் தகடு அதில் கிடையாது. மிச்சமாகும் பணம் ஒரு விரலுக்கு ஈடாகாது.

லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் வேண்டாம். கண்ணாடி கட்டாயம். பழைய மரமானால் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மரத்தூளுக்கு மூக்கு மூடி போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1995-ல் வகைப்படுத்தியிருக்கிறது. சாராயம் குடித்த கையால் மெஷினைத் தொடாதீர்கள்.

இனி, மீறிக் காயம் பட்டுவிட்டால். இந்தப் பகுதியை மனைவியும் பெரிய பிள்ளைகளும் படித்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அடிபட்டவர் தானே எதையும் செய்துகொள்ள முடியாது.

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து விடாமல் அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள், சாணி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், டாக்டருக்கு அதைக் கழுவுவதே பெரிய வேலை. மோதிரம், காப்பு இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம், ஆகவே காப்பி, சோடா கொடுக்காதீர்கள். தொடையிலோ கையிலோ ரத்தம் பீய்ச்சி அடித்து, அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் தேடி எடுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தத் துணியில் அதைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த தூக்குச் சட்டியில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது, பட்டால் தசை கருகிவிடும். வெறும் தண்ணீரில் ஊறப் போடவும் கூடாது. ஐஸ் கிடைக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம், பையோடு கிளம்புங்கள். தோலில் தொங்கிக்கொண்டிருக்கும் விரலை வெட்டி எடுக்காமல், நேராக வைத்துக் கட்டிக் கொண்டுபோங்கள். ஒட்டுவதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் இந்த அறுவை சிகிச்சை நடக்காது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. உங்களுக்கு அருகில் எங்கே நடக்கிறது என்பதை ஆம்புலன்சில் வருபவரிடமே கேளுங்கள்.

சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள். மண்ணும் தூளும் பட்ட காயத்தில் ரண ஜன்னி வரும். அதற்கான தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடப்படும். கடைசியாக எப்போது போட்டோம் என்று நினைவில்லாவிட்டால், அதையும் அங்கே நர்சிடம் சொல்லுங்கள்.