மொத்தக் கொள்முதலில் குறைந்த அளவு

கேள்வி: கவரிங் நகைக்கடை வைக்க விரும்புகிறேன். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு டஜனாவது எடுக்கவேண்டும் என்கிறார்களே, இது நியாயமா?

பதில்: நியாயமே, சகோதரி. அச்சு வெட்டுவதற்கும் முலாம் தொட்டியைச் சித்தம் செய்வதற்கும், நகை பத்தானாலும் நூறானாலும் ஏறக்குறைய ஒரே பிரயாசையும் செலவும் ஆவதால், அதனைப் பல உருப்படிகளின்மீது பகிர்ந்தாலன்றிச் சிதம்பரத்துப் பட்டறைக்காரருக்கும் மச்சிலிப்பட்டினத்துத் தொழிலாளிக்கும் ஜீவனம் நடவாது. ஆயினும், அந்த நிபந்தனை மாதிரி ஒன்றுக்கா, பில் தொகை முழுவதற்குமா என்பதை முதலில் விசாரியுங்கள்; தொகைக்கே எனில், பலவகை மாதிரிகளைக் கலந்து எடுக்கலாம். வளையலில் விசேஷ ஜாக்கிரதை வேண்டும்: 2.2 முதல் 2.8 வரை அளவுகள் கலந்த பெட்டியில், உங்கள் ஊரில் விலைபோகும் அளவு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தபின்பே பணம் கொடுங்கள். முலாம் சரக்கு நாளடைவில் கறுக்கும் இயல்புடையதாகையால், மலிவை நம்பிக் குவிக்காமல், அண்டையூர் வியாபாரியுடன் ஒரு டஜனைப் பங்கிட்டு வாங்குவதே ஆரம்பத்தில் உத்தமம்.