85 டிகிரி என்று வந்தால் நம்பாதீர்கள்

மென்பொருள் எழுதுபவர் முதன்முதலாகப் போர்டைக் கையில் எடுத்தால், வெப்பநிலை அளப்பதில் தொடங்குங்கள் என்பேன். ஈஎஸ்பி32 போர்டு, எஃகுக் குழாயில் அடைத்த டிஎஸ்18பி20 சென்சார், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிரெட்போர்டு, கொஞ்சம் ஜம்பர் வயர் போதும். சாலிடரிங் வேண்டாம். யூஎஸ்பி கேபிள் மட்டும் டேட்டாவும் கடத்துவதாக இருக்கட்டும். சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் கேபிளில் போர்டின் விளக்கு எரியும். கணினிக்கோ போர்டு இருப்பதே தெரியாது. டிரைவரை மாற்றி மாற்றி நிறுவி ஒரு மாலை முழுவதையும் நான் இழந்தது அப்படித்தான்.

முதல் வேலை, மைக்ரோபைத்தானை ஏற்றுவது. தோன்னி எடிட்டரிலிருந்தே ஏற்றலாம். இணைப்பு கிடைக்காமல் நின்றால் போர்டில் உள்ள பூட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள்.

அடுத்தது வயரிங். யூஎஸ்பியைக் கழற்றிவிட்டே செய்யுங்கள். சிவப்பு 3.3 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, டேட்டா வயரான மஞ்சள் ஜிபிஐஓ 4-க்கு. வயரின் நிறம் சில சென்சார்களில் மாறும், வாங்கிய இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் கொடுத்ததும் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள், உடனே கழற்றுங்கள்.

இனி ரெசிஸ்டர். மஞ்சள், ஊதா, சிவப்பு வளையங்கள் உள்ள அதை டேட்டா வயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே செருகுங்கள். புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். சென்சாரும் போர்டும் டேட்டா வயரின் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க மட்டுமே செய்யும்; விட்டதும் மேலே கொண்டுவருவது ரெசிஸ்டர். ஸ்பிரிங் வைத்த கதவைப் போல. ரெசிஸ்டர் இல்லையென்றால் சென்சாரைத் தேடும் கட்டளை பெரும்பாலும் வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தரும், நீங்கள் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். பின்னை மாற்ற விரும்பினால் 34 முதல் 39 வரை வேண்டாம். அவை உள்ளீட்டுக்கு மட்டும். 12-உம் வேண்டாம். இந்த ரெசிஸ்டர் அதை உயர்த்திப் பிடித்திருந்தால், பெரும்பாலான போர்டுகள் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 1.8 வோல்ட் கொடுத்துவிட்டு எழுந்திருக்காமலே கிடக்கும்.

நிரல் பத்துப் பதினைந்து வரிதான்: முகவரியைத் தேடு, அளக்கச் சொல், காத்திரு, வாசி. அந்தக் 'காத்திரு' முக்கியம். 12 பிட் துல்லியத்தில் அளந்து முடிக்க 750 மில்லிவிநாடி வரை ஆகும். அதற்குமுன் வாசித்தால் முதல்முறை 85 டிகிரி வரும். மின்சாரம் வந்ததும் சென்சாரின் நினைவகத்தில் இருக்கும் தொடக்க மதிப்பு அது. அதன்பின் ஒவ்வொரு முறையும் முந்தைய அளவுதான் வரும். இதுதான் ஆபத்து, ஏனென்றால் பார்ப்பதற்குச் சரியான எண்ணைப் போலவே இருக்கும். ஆர்டுயினோ நூலகத்தில் எழுதினால் -127-ஐயும் வடிகட்டுங்கள். சென்சார் துண்டித்துப்போனதன் அடையாளம் அது.

எண் வந்ததும் வேலை முடியவில்லை. டம்ளரில் நொறுக்கிய ஐஸைப் போட்டு, சிறிது தண்ணீர் ஊற்றி, குழாயை நடுவில் விட்டுக் கலக்குங்கள். சில நிமிடங்களில் 0-க்கு அரை டிகிரி இப்படியோ அப்படியோ வந்து நிற்க வேண்டும். உற்பத்தியாளர் உறுதி சொல்லும் வரம்பும் அந்த அரை டிகிரிதான். அதற்குமேல் விலகினால் அந்தச் சென்சாரை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

ஒரே டேட்டா வயரில் பல சென்சார்களை இணைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி 64 பிட் முகவரி உண்டு. எது எது என்று அறிய, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். எந்த முகவரியின் எண் ஏறுகிறதோ, அதன் கடைசி நான்கு எழுத்துகளைச் சிறு தாளில் எழுதிக் கேபிளில் ஒட்டிவிடுங்கள்.