எலிப் பல் கூறும் பண்டைத் தட்பவெப்பம்

பண்டை நாளில் ஓரிடம் காடாக இருந்ததா, புல்வெளியாக இருந்ததா என்பதை அறிய, யானை, காண்டாமிருகம் முதலியவற்றின் எலும்புகளையே முதலில் தேடுவது வழக்கம். ஆனால் பெருவிலங்கு நெடுந்தூரம் திரியும். எலியோ தன் வளையைவிட்டு வெகுதூரம் செல்வதில்லை. ஆகவே மண்ணும் ஈரமும் செடிவகையும் மாறும்போது, அவ்விடத்து எலிக் கூட்டத்தின் அமைப்பும் விரைவில் மாறுகிறது.

நம் வயல்களையே நோக்குவோம். கரம்பை எலி ஈரமான வரப்புகளில் வளை தோண்டும். வெள்ளெலி மணற்பாங்கான வறண்ட நிலத்தை விரும்பும். மரச் சுண்டெலி கிளைகளில் கூடு கட்டும். இவற்றின் கடைவாய்ப் பற்கள் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருளாதலால், மற்றவை மக்கிய பின்னும் பல் நிலைத்திருக்கும்.

பாகிஸ்தானின் போட்வார் பீடபூமியிலுள்ள சிவாலிக் படிவுகள் இதற்குச் சிறந்த சான்றாகும். ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை தொடங்கி, எலிப் பற்கள் அங்கே அடுக்கடுக்காகக் கிடைத்துள்ளன. சுமார் 80 முதல் 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் மரஞ்செடிகள் குறைந்து, வெப்பநாட்டுப் புற்கள் பரவின. இப்புற்களில் 13 நிறையெண் கொண்ட கார்பன், மரஞ்செடிகளில் இருப்பதைவிடச் சற்று மிகுதி. அவற்றைத் தின்னும் பிராணியின் எனாமலிலும் அது பதிகிறது. போட்வார் எலிகள் சிலவற்றின் உணவு புல்லை நோக்கி மாறியதையும், பல்லின் வடிவம் அதற்கேற்ப மாறியதையும் 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

இம்முறையில் மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, எலும்புகளைச் சேர்த்தது யார் என்று கேட்க வேண்டும். கூகை இரையை விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாக உமிழ்கிறது. குகைகளில் காணும் எலிப் பற்கள் பல இவ்வாறு சேர்ந்தவை. அவை கூகை வேட்டையாடிய நிலத்தையே காட்டும். இரண்டாவது, எலி வளை தோண்டுவதால், பிற்காலத்து எலியின் எலும்பு முற்காலத்து அடுக்கில் கிடக்கக்கூடும். மூன்றாவது, ஓரினம் இருப்பது மட்டும் போதிய சான்றன்று. ஆந்திரத்தின் பில்லசுர்கம் குகைகளை 1883 முதல் 1885 வரை இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவர் மகனும் அகழ்ந்தனர். அக்குகைகளைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வின்படி, அறியப்பட்ட 21 பாலூட்டி வகைகளுள் ஒன்றைத் தவிர மற்றவை யாவும், குறைந்தது கடந்த 1 இலட்சம் ஆண்டுகளின் (சில 2 இலட்சம் ஆண்டுகள் வரையிலான) தட்பவெப்ப மாறுதல்களையெல்லாம் கடந்து துணைக்கண்டத்தில் நிலைத்தன. ஆகவே இனங்களின் பெயர்ப்பட்டியலைவிட, அவற்றின் விகிதமே நமக்கு வேண்டுவது.

பயிற்சி: மும்பையை அடுத்த உல்லாஸ்நகரில் ஓர் ஆசிரியர் இதை எளிதில் செய்து காட்டலாம். நகரின் நடுவிலும், உல்லாஸ் ஆற்றங்கரை வயலோரத்திலும் கூகை தங்கும் இடங்களின் அடியில் கிடக்கும் உருண்டைகளைத் தனித்தனியே சேகரிக்க வேண்டும், பறவையைக் கலைக்கலாகாது. உருண்டைகளைச் சூடேற்றிக் கிருமி நீக்கி, கையுறை அணிந்து, நீரில் ஊறவைத்துப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் இனத்திலும் இடக் கீழ்த்தாடை, வலக் கீழ்த்தாடை இரண்டையும் எண்ணி, மிகுதியானதையே அவ்வினத்தின் குறைந்தபட்ச எண்ணிக்கையாகக் கொள்க. மூஞ்சூறு கொறிவிலங்கன்று, அதைத் தனியே குறிக்க. நகர உருண்டையில் வீட்டெலியும் பெருச்சாளியும், வயலோர உருண்டையில் வயல் எலிகளும் மிகுந்திருக்க எதிர்பார்க்கலாம்.

களப் பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்று. பெரிய எலும்பை எடுத்துக்கொண்டு மண்ணை எறிந்துவிட்டால், அவ்விடத்தின் தட்பவெப்ப வரலாற்றையும் உடன் எறிந்தவராவோம். அரை மில்லிமீட்டர்க் கண்ணுள்ள சல்லடையில் மண்ணை நீர்விட்டு அலசி, ஒவ்வோர் அடுக்கின் எச்சத்தையும் தனிப் பையில் இட்டு எண் குறித்தல் இன்றியமையாதது.