எட்டாவது படித்த அம்மா என்ன செய்ய முடியும்?

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இருவருமே எட்டாவதைத் தாண்டவில்லை. மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. ராக்கெட், சாட்டிலைட் என்றால் அவளுக்கு உயிர். கணக்கில் அறுபதுதான் வருகிறது. ‘பேசாமல் காமர்ஸ் எடு, மார்க் வரும்’ என்கிறார் வகுப்பு டீச்சர். ‘பொம்பளப் பிள்ளைக்கு நர்சிங் போதும்’ என்கிறார் என் அண்ணன். இயற்பியல், வேதியியல் என்று ஒன்றுமே தெரியாத நாங்கள் அவளுக்கு எப்படி உதவுவது?
– வாசகி, ஆம்பூர்

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு தோலை விரித்ததும் தழும்பும் ஓட்டையும் எங்கே என்று பார்க்கிறீர்கள். எந்தப் பக்கம் இழுத்தால் நீளும் என்று பார்க்கிறீர்கள். துண்டு வீணாகாதபடி அச்சை நெருக்கி வைத்து வெட்டுகிறீர்கள். இதில் வடிவியலும் இருக்கிறது, பொருளறிவியலும் இருக்கிறது. இதை ஒருநாள் மகளிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறீர்களா? சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானிகள் வேலை செய்வது இதே தோலை வைத்துத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பத்துக்குத் தனியாக பி.டெக். படிப்பே இருக்கிறது. பாலாற்றில் கலந்த தோல் கழிவு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வந்தது உங்களுக்கே தெரியும். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்வதும் வேதியியல்தான்.

இந்தப் பேச்சு வெறும் ஆறுதல் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 188 பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதில் ஒரு பகுதிப் பெற்றோருக்கு மட்டும் இரண்டு சிறு கையேடுகளை அனுப்பி, ஓர் இணையப் பக்கத்தையும் காட்டினார்கள். கணக்கும் அறிவியலும் வாழ்க்கைக்கும் வேலைக்கும் எப்படி உதவும், அதைப் பிள்ளையிடம் எப்படிப் பேசலாம் என்பதுதான் அவற்றில் இருந்தது. பெற்றோருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனாலும் அவர்களின் பிள்ளைகள், பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒரு செமஸ்டர் அளவுக்குக் கூடுதலாகக் கணக்கு, அறிவியல் பாடங்களை எடுத்தார்கள். 2012-இல் வெளியான முடிவு இது. வீட்டில் நடக்கும் பேச்சுக்கு இவ்வளவு பலன் உண்டு.

அடுத்தது டீச்சர் சொன்னது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தேர்ச்சி சதவீதம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் அந்தக் கவலையை உங்கள் மகள் தலையில் இறக்கக் கூடாது. +1-இல் கணக்கை விட்டால் பெரும்பாலான பொறியியல் படிப்புகளின் கதவு அன்றே சாத்தப்படும், பிறகு திறப்பது கடினம். அறுபது மார்க் என்றால் நாற்பது எங்கே போகிறது? கணக்கு ஆசிரியரை நேரில் பாருங்கள், விடைத்தாளைக் கையோடு கொண்டுபோங்கள். இயற்கணிதத்தில் போகிறதா, கவனக்குறைவில் போகிறதா என்று அவருக்குத் தெரியும். ‘இந்த நாலு பாடத்தைச் சரிசெய்தால் எண்பது வரும்’ என்று ஓர் ஆசிரியர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு ஈடாக ஒரு டியூஷனும் கிடையாது.

இங்கிலாந்தில் நடந்த ஒரு நீண்ட ஆய்வையும் சொல்ல வேண்டும். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அறிவியல் வகுப்பு பிடித்திருந்தது. ஆனால் விஞ்ஞானி ஆக விரும்பியவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம்தான். ஆர்வம் இருந்தது, ‘இதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கா’ என்ற எண்ணம் குறுக்கே நின்றது. உங்கள் அண்ணன் சொல்வதில் ஒலிப்பதும் அதுதான். (நர்சிங் நல்ல படிப்பு. அவள் கேட்டால் சேர்த்துவிடுங்கள்.)

இஸ்ரோ வேலை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன், யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வழி ஒன்று மட்டும் இல்லை. 2023 ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழில்நுட்ப ஊழியரின் மகன். பள்ளி முடித்துப் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து, அதன்பிறகுதான் பொறியியலுக்குப் போனார்.

பணத்தைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு, அதற்கான சட்டம் 2021-இல் வந்தது. அதில் பொறியியலுக்குத் தேர்வானால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. ‘+1-க்கு மட்டும் பிரைவேட் ஸ்கூல்’ என்று ஆசைப்பட்டு மாற்றிவிட்டால் 7.5 போய்விடும். பல பெற்றோருக்கு இது தெரிவதே இல்லை.

கடைசியாக, மகளை ஒருநாள் காவலூருக்கு அழைத்துப் போங்கள். வாணியம்பாடி, ஆலங்காயம் தாண்டினால் வந்துவிடும். ஜவ்வாது மலையில் உள்ள அந்த வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: +2 படிக்கிறேன். எனக்கு இயற்பியல் பிடிக்கும். அப்பா ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர எதற்கும் பணம் கட்ட மாட்டேன்’ என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தம்பி, அப்பாவின் பயம் வேலையைப் பற்றியது. ‘எனக்குப் பிடிக்கும்’ என்று நூறு முறை சொன்னாலும் அந்தப் பயம் போகாது. இயற்பியல் படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று விவரம் திரட்டி முன்னால் வையுங்கள். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு இருக்கிறது, ஐ.ஏ.டி. என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். திருவனந்தபுரம் ஐசர் விதுராவில் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து அதிகத் தூரமில்லை. அனுமதி கேட்டு அப்பாவும் நீங்களும் ஒருமுறை போய், அங்கே படிக்கும் மாணவர்களிடம் அப்பாவையே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.