சின்ன யானையில் ஏற்று, சைக்கிளில் இறங்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேசிய எம்டிபி (மலை சைக்கிள்) போட்டிக்குத் தேர்வானதில் ரொம்ப சந்தோஷம். போட்டிக்கு முந்தின வாரம் முழுக்கக் கொல்லிமலையில் தங்கி, காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் ஏறி இறங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். மலையைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். எந்த வாரம் போவது, போய் என்ன செய்வது என்ற இரண்டையும் மாற்றிக்கொள் என்று சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வாரம். கடும் பயிற்சியின் களைப்பு உடனே வந்துவிடும். பலன் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். போட்டிக்கு முந்தின நாள் வரை மலை ஏறினால், களைப்போடு போய்த் தொடக்கக் கோட்டில் நிற்பாய். பலன் வரும்போது போட்டி முடிந்திருக்கும். அதனால் உன் மலை வாரம் போட்டிக்குப் பத்து நாள் முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். அதற்கப்புறம் சைக்கிள் ஓட்டும் நேரத்தைப் பாதியாகக் குறை. வேகத்தைக் குறைக்காதே. நேரம் குறைவாக, மிதி பழைய வேகத்தில்: கடைசிப் பத்து நாளுக்கு இதுதான் கணக்கு.

ஆல்ப்ஸ் மலையில் பயிற்சி எடுக்கிறவர்களைப் பார்த்து ஏக்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். பிரான்ஸில் லே ஜே என்று ஓர் ஊர். 2004இலும் 2022இலும் உலக எம்டிபி சாம்பியன்ஷிப் அங்கேதான் நடந்தது. அந்த ஊரின் உயரம் சுமார் 1,170 மீட்டர். கொல்லிமலையின் மேல்தளமும் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து முந்நூறு மீட்டர்தான். உயரத்தில் தங்கினால் ரத்தத்தில் சிவப்பணு கூடும் என்பது உண்மை. ஆனால் அதற்கு இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மூன்று நாலு வாரம் இருக்க வேண்டும். அந்தப் பலன் லே ஜேயிலும் கிடைக்காது, கொல்லிமலையிலும் கிடைக்காது. அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: லிஃப்ட். சைக்கிளை அதில் மாட்டிவிட்டு மேலே போய் இறங்குகிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள். ஒரே பாதையில் ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை, கால் சோராமல் இறங்குகிறார்கள். ஒரு வளைவை எட்டாம் முறை எடுக்கும்போதுதான் அது பிடிபடும்.

நம் ஊரில் லிஃப்டுக்குப் பதில் சின்ன யானை என்கிற குட்டிச் சரக்கு வண்டி இருக்கிறது. நாலு பையன்கள் சேர்ந்து வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். சைக்கிள்கள் வண்டியில், நீங்கள் பஸ்ஸில். சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏறக் கூடாது. சைக்கிள்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடாதே, நடுவில் பழைய போர்வை கொடு. பிரேக் டிஸ்க் வளைந்தால் மலைமேல் நிமிர்த்த ஆள் கிடையாது. சக்கரத்தைக் கழற்றி ஏற்றினால் பிரேக் பேட்களுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகி வை. யாராவது தெரியாமல் லீவரை அமுக்கிவிட்டால் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

ஏறும் தெம்பை ஒரு வாரத்தில் சம்பாதிக்க முடியாது தம்பி. அது மூன்று நாலு மாதம் முன்பே காலில் சேர்ந்திருக்க வேண்டும். மலை வாரம் இறக்கத்துக்குத்தான்.

இறக்கத்தில் முதல் பாடம் பிரேக். நீயும் சைக்கிளும் சேர்ந்து எண்பது கிலோ என்று வை. ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றலைக் கணக்கிட்டால், இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். காரவள்ளிச் சாலை மாதிரி அடுத்தடுத்து வளைவு இருக்கும் இடத்தில் காற்றின் பங்கு குறைவு, பெரும்பகுதி உன் இரண்டு டிஸ்க்கில்தான் இறங்கும். பயத்தில் லீவரைப் பிடித்தபடியே வந்தால் முப்பதாவது வளைவுக்குள் பேட் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிடும், லீவர் கைப்பிடி வரை வந்து இடிக்கும். நேர்ச்சாலையில் விடு, வளைவுக்கு முன்னால், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, கையை எடுத்துவிட்டு வளை. கண் வளைவின் உள்ளே பார்க்கக் கூடாது, வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். கீழிருந்து வரும் பஸ் திரும்புவதற்கு முழு வளைவையும் எடுத்துக்கொள்ளும், அதற்கு வழிவிட்டு நில். தார்ச்சாலையில் கற்க வேண்டியது இவ்வளவுதான். ஒரு நாள் போதும்.

போட்டி நடப்பது மண்ணில். 2023 அக்டோபரில் ஆசிய எம்டிபி சாம்பியன்ஷிப் திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடியில் நடந்தது. அதுவும் கொல்லிமலை மாதிரி மழை விழுகிற மலைதான். வேரும் வழுக்குப் பாறையும் ஈர இலையும் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் சைக்கிளை விடப் பழக, கொல்லிமலையின் உள்ளூர்ப் பாதைகளை விட நல்ல இடம் இந்தப் பக்கம் கிடையாது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று பதினாலு நாடுகள் அங்கே. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் தோப்புக்கும் பலா மரங்களுக்கும் இடையே ஊருக்கு ஊர் நடைபாதை போகிறது. அவை அந்த மக்களின் சாலைகள் என்பதை மறக்காதே. தலைச்சுமையோடு யாராவது எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நில். முதல் நாளே ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து, எந்தப் பாதையில் எந்த நேரத்தில் ஓட்டலாம் என்று கேட்டு வை. தோட்டத்துக்குள் போக உரிமையாளரிடம் கேள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் சக்கரத்தை வைக்காதே.

ஓட்ட அனுமதித்த பாதையில் முதல் நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நட. எங்கே பிரேக், எங்கே எடை பின்னால் போக வேண்டும், எந்தப் பாறைக்கு இடப்பக்கம் என்று பார். அப்புறம் துண்டு துண்டாக ஓட்டு. ஐம்பது மீட்டர் இறங்கு, தள்ளிக்கொண்டு மேலே வா, மறுபடி இறங்கு. நாலாம் நாள் சைக்கிளைத் தொடாதே. ஆகாய கங்கைக்குப் போகலாம் என்று தோன்றும். ஆயிரத்துக்கு மேல் படிகள், தொடை இரண்டு நாளைக்குக் கட்டிக்கொள்ளும். அரப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வா. ஆறாம் நாள் மட்டும் முழுப் பாதையையும் போட்டி வேகத்தில் ஓட்டு. எந்த நாளும் தனியாக இறங்காதே.

மலையிலிருந்து இறங்கியபின் சமவெளி இருக்கிறது, அதைக் குறைவாக நினைக்காதே. நாமக்கல், சேலம் வெயிலில் பத்துப் பதினாலு நாள் முறையாக ஓட்டிய உடம்பில் ரத்த நீர் கூடும், வியர்வை சீக்கிரம் வரும். குளிர்ந்த ஊர்க்காரனுக்கு இது கிடையாது. எக்ஸ்சிஓ என்கிற கிராஸ்-கன்ட்ரி போட்டியில் முதல் ஐந்து நிமிடம் உயிரைக் கொடுத்து மிதித்தால்தான் ஒற்றையடிப் பாதை தொடங்குமுன் முன்வரிசையில் இருப்பாய். பின்னால் மாட்டினால் முந்த இடம் கிடைக்காது. அப்படி மிதித்துப் பழகத் திருச்செங்கோட்டு மலைக்குப் போகும் வண்டிப்பாதை அருமையான இடம். விடியற்காலை, பக்தர்கள் வருமுன், நாலு நிமிட ஏற்றமாக ஐந்து முறை. கடைசிப் பத்து நாளில் அது இரண்டு தடவை போதும்.

டயரில் சீலன்ட் பார்த்துக்கொள்; கீழே ஓட்டும்போது சீமைக்கருவேல முள் விடாது. உன் எடைக்கு 22 பிஎஸ்ஐயில் தொடங்கி, ரிம் பாறையில் இடித்தால் ஒன்று கூட்டு. ஓட்டும்போது மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும்: இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் கடலை மிட்டாய், உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர். போட்டியன்று என்ன சாப்பிடப் போகிறாயோ அதையே மலையிலும் சாப்பிட்டுப் பழகு.

மலை வாரம் முடிந்ததும் பேட்களைக் கழற்றிப் பார். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் உடனே மாற்று. புது பேட் போட்ட கையோடு, தட்டையான ரோட்டில் இருபது முறை வேகமெடுத்து, நின்றுபோகாமல் மெல்லப் பிடித்துப் பிடித்துப் பதப்படுத்து. போட்டி நடக்கும் ஊரில் போய் இதைச் செய்ய நேரம் இருக்காது.

அன்புடன்,
அண்ணன்